தட்டம்மை: தடிப்பு மறைந்த பிறகும் கவனம் தேவை

(விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளைச் சேர்ந்த தொடக்க, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கான பயிற்சியில் குழந்தை நல மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



தட்டம்மை என்றதும் தடுப்பூசி பற்றித்தான் பேசப்போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். அதையும் பேசுவேன். ஆனால் அதற்கு முன் வேறு சிலவற்றைச் சொல்ல வேண்டும். தட்டம்மை வந்துவிட்ட குழந்தைக்கு என்னென்ன நேரலாம்? எந்தக் கட்டத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும்? அங்கே நாங்கள் என்ன செய்கிறோம்? அந்தக் குழந்தை மீண்டும் உங்கள் வகுப்பில் வந்து உட்கார்ந்த பிறகு நீங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

இந்த உரையில் நீங்கள் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள விரும்பினால், அது இதுதான்: தட்டம்மையில் குழந்தையின் உயிரைப் பறிப்பது தோலில் தெரியும் தடிப்பு அல்ல. தடிப்போடு சேர்ந்தும், தடிப்பு மங்கத் தொடங்கிய பிறகும் வருகிற நிமோனியா, வயிற்றுப்போக்கு, மூளை அழற்சி ஆகியவைதான். "அம்மை இறங்கிவிட்டது, இனிப் பயமில்லை" என்று வீட்டில் நிம்மதியாகும் அந்த நாட்களில்தான் நாங்கள் அதிகம் கவலைப்படுகிறோம்.

எல்லாமே 'அம்மை' அல்ல

நம் ஊர்ப்பக்கம் உடம்பில் எது பொரிந்தாலும் 'அம்மை' என்ற ஒரே சொல்தான். நீர் கோத்த கொப்புளமாக வந்தால் அது சின்னம்மை. தாடைக்குப் பக்கத்தில் வீங்கினால் பொன்னுக்கு வீங்கி. மணல் வாரி இறைத்ததுபோல் முகத்திலும் உடம்பிலும் சிவந்து தடித்தால் அதுதான் மணல்வாரி என்கிற தட்டம்மை. மூன்றும் வெவ்வேறு வைரஸ்களால் வருபவை. ஆபத்தும் வெவ்வேறு.

தட்டம்மைக்கு ஒரு ஒழுங்கு உண்டு. வைரஸ் உடலுக்குள் போய் ஏறக்குறைய 10 முதல் 14 நாட்களில் காய்ச்சல் தொடங்கும். கூடவே இருமல், மூக்கு ஒழுகல், கண் சிவத்தல். முதல் இரண்டு மூன்று நாட்கள் சாதாரணச் சளிக்காய்ச்சல் போலவே இருக்கும். கன்னத்தின் உட்புறத்தில் உப்புத்தூள் ஒட்டியதுபோல் சிறு வெண்புள்ளிகள் தெரியலாம். பிறகு காதுக்குப் பின்னாலும் நெற்றியிலும் தடிப்பு தோன்றி, கழுத்து, மார்பு, கை, கால் என்று கீழே இறங்கும். தடிப்பு வரும்போது காய்ச்சல் உச்சத்தில் இருக்கும். அடுத்த மூன்று நான்கு நாட்களில் காய்ச்சல் தணிய வேண்டும்.

'தணிய வேண்டும்' என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். தடிப்பு வந்து நான்கு நாட்களுக்குப் பிறகும் காய்ச்சல் நீடித்தாலோ, விட்டுப்போன காய்ச்சல் மறுபடி வந்தாலோ, உள்ளே வேறு ஏதோ தொடங்கிவிட்டது என்று பொருள். இதைக் கண்டுபிடிக்க மருத்துவப் பட்டம் தேவையில்லை. வீட்டுச் சுவரில் மாட்டிய நாட்காட்டியில் தடிப்பு வந்த நாளை வட்டமிட்டு வைத்தால் போதும்.

பரவும் வேகமும் ஒரு பக்கத்து மாவட்டப் பாடமும்

மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் நோய்களில் தட்டம்மைக்கு இணையான வேகம் உள்ளவை மிகக் குறைவு. எதிர்ப்புச் சக்தி இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளியிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் பரவக்கூடும். அவர் இருமிவிட்டுப் போன அறையின் காற்றில் இரண்டு மணி நேரம் வரை வைரஸ் தங்கியிருக்கும். இன்னொரு சிக்கல், தடிப்பு தோன்றுவதற்கு நான்கு நாட்கள் முன்பிருந்தே அது பரவத் தொடங்கிவிடும். ஆக, ஒரு மாணவனுக்கு அம்மை போட்டிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியவரும்போது, அவன் ஏற்கெனவே சில நாட்கள் உங்கள் வகுப்பில் உட்கார்ந்து இருமியிருப்பான்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. அடுத்த சில நாட்களிலேயே கடலூர் மாவட்டத்தில் தட்டம்மை தலைகாட்டியது. 2005 ஏப்ரல் வரை நீடித்தது. முதலில் சுனாமி பாதித்த கிராமங்களில் தொடங்கி, பிறகு மற்றக் கிராமங்களுக்கும் போனது. சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் இதை ஆராய்ந்து 101 நோயாளிகளைப் பதிவு செய்தார்கள். இதில் கவனிக்க வேண்டிய செய்தி, அந்தக் கிராமங்களில் பெரும்பாலான குழந்தைகள் ஒரு தவணைத் தடுப்பூசி போட்டவர்கள் என்பதுதான்.

ஊசி போட்டும் ஏன் பரவியது? கணக்காகப் பாருங்கள். ஒன்பதாவது மாதத்தில் போடும் ஒரு தவணை ஏறக்குறைய 85 சதவீதக் குழந்தைகளுக்குத்தான் பாதுகாப்புத் தரும். நூறு பேருக்குப் போட்டால் 15 பேருக்குப் பாதுகாப்பு உண்டாவதில்லை. ஆண்டுதோறும் இப்படிச் சேருகிற பதினைந்துகள் ஒரு நாள் ஒரே கூரையின் கீழ் கூடினால் நோய் பரவ அதுவே போதும். இரண்டாவது தவணை இந்த ஓட்டையை அடைக்கத்தான். இந்தியாவில் தட்டம்மைத் தடுப்பூசி 1985-இல் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. இரண்டாவது தவணை 2010-க்குப் பிறகுதான் நடைமுறைக்கு வந்தது.

நம் மாவட்டத்துக்கு இது பழங்கதை அல்ல. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வெள்ளம் சூழ்ந்தால் மக்கள் தங்குவது பள்ளிக்கூடங்களில்தான். பல ஊர்க் குழந்தைகள் ஒரே வகுப்பறையில் இரவும் பகலும் இருக்கும்போது ஒரு தட்டம்மை நோயாளி உள்ளே வந்தால் என்ன ஆகும் என்பதைக் கடலூர் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. முகாமுக்குச் சாவி கொடுப்பவர் நீங்கள். காய்ச்சலோடு தடிப்பும் உள்ள குழந்தைக்குத் தனி அறை ஒதுக்கச் சொல்லும் முதல் குரலும் உங்களுடையதாக இருக்கட்டும்.

உடலுக்குள் நடப்பது

இந்த வைரஸ் மூச்சுக்குழாய், குடல், கண் ஆகியவற்றின் உட்பூச்சை அரிக்கிறது. அதே சமயம் நோய் எதிர்ப்பு அணுக்களையும் அழிக்கிறது. கதவையும் உடைத்துக் காவலாளியையும் அடித்துப் போட்டால் திருடனுக்கு என்ன தடை? தட்டம்மைக்குப் பின்னால் மற்ற கிருமிகள் நுழைவது இப்படித்தான்.

நிமோனியா: தட்டம்மை வரும் குழந்தைகளில் ஏறக்குறைய இருபதில் ஒருவருக்கு இது வருகிறது. தட்டம்மையால் நேரும் குழந்தை மரணங்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே காரணம். அறிகுறியைக் கண்ணாலேயே பார்க்கலாம். குழந்தை அழாமல் இருக்கும்போது வயிற்றின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50-க்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40-க்கு மேல், அதற்கு மேற்பட்ட வயதில் 30-க்கு மேல் போனால் அது வேகமான மூச்சு. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் நிலைமை தீவிரம். நிற்காமல் கிளம்ப வேண்டியதுதான்.

குரல்வளை வீக்கம்: குரல் கம்மி, நாய் குரைப்பதுபோல் இருமல், மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒரு கீச்சுச் சத்தம். இதுவும் அவசரம்.

வயிற்றுப்போக்கு: ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு வருகிறது. வாயெல்லாம் புண்ணாகிச் சாப்பிட முடியாத குழந்தைக்கு வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் ஒரே நாளில் கண் குழி விழுந்துவிடும்.

கண்: வைட்டமின் ஏ சத்து ஏற்கெனவே குறைவாக உள்ள குழந்தையின் கருவிழி புண்ணாகிப் பார்வையே போகலாம். கண்ணில் தாய்ப்பால் விடுவது, இலைச்சாறு பிழிவது இரண்டும் கூடாது.

காது: சீழ் வடிவது அடிக்கடி காணப்படுகிறது. சரியாகக் கவனிக்காவிட்டால் காது மந்தமாகும்.

மூளை அழற்சி: ஆயிரத்தில் ஒருவருக்கு வரும். பெரும்பாலும் தடிப்பு தோன்றிய ஒரு வாரத்துக்குள், குழந்தை தேறிவருகிறது என்று எல்லோரும் நினைக்கும்போது வரும். குழந்தைகளுக்கான புத்தகங்களால் உலகப் புகழ்பெற்ற ரோல்டு டாலின் மூத்த மகள் ஒலிவியா 1962-இல் தட்டம்மையால் இறந்தாள். வயது ஏழு. நோய் இறங்கி, படுக்கையில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். தந்தை அவளுக்குக் கம்பியை வளைத்துப் பொம்மை செய்யச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவள் விரல்கள் மனம் சொன்னபடி கேட்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தார். தூக்கமாக வருகிறது என்றாள். ஒரு மணி நேரத்தில் நினைவிழந்தாள். பன்னிரண்டு மணி நேரத்தில் உயிர் போனது. அப்போது தடுப்பூசி புழக்கத்துக்கு வரவில்லை. அடுத்த ஆண்டுதான் அமெரிக்காவில் முதல் ஊசிக்கு அனுமதி கிடைத்தது.

தட்டம்மை வந்த குழந்தை அளவுக்கு மீறித் தூங்கினாலோ, பிதற்றினாலோ, வலிப்பு வந்தாலோ, "களைப்பில் தூங்குகிறது" என்று விட்டுவிடக் கூடாது.

இவையெல்லாம் ஏழை நாடுகளில் மட்டும் நடப்பவை என்று நினைக்க வேண்டாம். 2025-இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் 762 பேருக்குத் தட்டம்மை வந்தது. 99 பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. பள்ளி வயதுக் குழந்தைகள் இருவர் இறந்தார்கள். இருவரும் தடுப்பூசி போடாதவர்கள். நம் நாட்டில் 2022 இறுதியில் மும்பையின் கோவண்டிப் பகுதியில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்தபோது, கஸ்தூர்பா மருத்துவமனையில் தனி வார்டுகளும் தீவிர சிகிச்சைப் படுக்கைகளும் ஒதுக்கினார்கள். அதே சமயத்தில் ராஞ்சி, அகமதாபாத், கேரளத்தின் மலப்புரம் ஆகிய இடங்களுக்கும் மத்தியக் குழுக்கள் போயின.

மருத்துவமனையில் என்ன செய்கிறோம்?

"வைரஸைக் கொல்ல மருந்து இல்லையாமே, அப்புறம் ஆஸ்பத்திரிக்கு எதற்கு?" என்று பெற்றோர் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. உங்களிடம் பதில் இருக்க வேண்டும். வைரஸுக்கு நேரடி மருந்து இல்லை. ஆனால் குழந்தையைக் கொல்லும் சிக்கல்கள் ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை உண்டு.

வந்தவுடன் குழந்தையைத் தனி அறையில் வைக்கிறோம். விரலில் மாட்டும் கருவியால் ஆக்சிஜன் அளவைப் பார்க்கிறோம். கொரோனா காலத்தில் நீங்கள் எல்லோரும் பார்த்துப் பழகிய அதே கருவிதான். அளவு குறைந்திருந்தால் ஆக்சிஜன். நிமோனியாவில் பாக்டீரியா சேர்ந்திருந்தால் அதற்கான மருந்து. வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலும் துத்தநாக மருந்தும். நீர் வற்றிப்போயிருந்தால் நரம்பு வழியாகத் திரவம். வாய்ப்புண்ணுக்கும் கண்ணுக்கும் தனிக் கவனிப்பு. வலிப்பு வந்தால் அதை நிறுத்தும் மருந்து. மூச்சுத் திணறல் முற்றினால் வென்டிலேட்டர்.

இவற்றோடு, விலை மிகக் குறைந்த, பலன் மிகப் பெரிய ஒரு மருந்து இருக்கிறது. அது வைட்டமின் ஏ. தட்டம்மை உறுதியானாலே, அடுத்தடுத்த இரண்டு நாட்களில் இரண்டு தவணை கொடுக்க உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு ஒரு தவணை 2 லட்சம் யூனிட். ஆறு மாதம் முதல் ஒரு வயது வரை 1 லட்சம். அதற்கும் சிறிய குழந்தைக்கு 50,000. கண்ணில் சத்துக்குறைவின் அறிகுறி இருந்தால் சில வாரங்கள் கழித்து மூன்றாவது தவணை.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் கடுமையான தட்டம்மையோடு மருத்துவமனையில் சேர்ந்த 189 குழந்தைகளை இரு குழுக்களாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். 1990-இல் முடிவு வெளியானது. இறந்த 12 பேரில் 10 பேர் வைட்டமின் ஏ கிடைக்காத குழுவைச் சேர்ந்தவர்கள். அதே ஆண்டில் நம் திருச்சி மாவட்டத்து ஆய்வு ஒன்றும் வெளிவந்தது. அரவிந்த் கண் மருத்துவமனையினர் பங்கேற்ற அந்த ஆய்வில், 15,000-க்கும் மேற்பட்ட சிறு குழந்தைகள் இடம்பெற்றனர். வாராவாரம் சிறிய அளவில் வைட்டமின் ஏ பெற்றவர்களிடையே இறப்பு பாதிக்கு மேல் குறைந்தது. அங்கன்வாடியில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊற்றும் அந்த மஞ்சள் திரவத்தின் மதிப்பு இதுதான். அது ஊட்டச்சத்துக்கானது. நோய் வந்த பிறகு கொடுப்பதை மருத்துவர்தான் முடிவு செய்வார். வீட்டில் தாமாகக் கொடுக்கக் கூடாது.

எங்கே போவது? காய்ச்சலும் தடிப்பும் மட்டும் இருந்தால் முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம். ஆபத்து அறிகுறி ஏதாவது இருந்தால் 108-ஐ அழைத்து, திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கோ, முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ வந்துவிட வேண்டும். அழைக்கும்போதே "தட்டம்மையாக இருக்கலாம்" என்று சொல்லிவிடுங்கள். புறநோயாளிகள் வரிசையில், மற்றக் கைக்குழந்தைகளுக்கு நடுவே இந்தக் குழந்தை உட்கார்ந்திருக்கக் கூடாது.

வீட்டு வாசலில் வேப்பிலை

இனிச் சொல்வதுதான் கடினமான பகுதி. நம் கிராமங்களில் அம்மை என்பது வெறும் நோய் அல்ல. ஆத்தா வந்திருக்கிறாள். வாசலில் வேப்பிலை செருகுவார்கள். தாளிக்க மாட்டார்கள். வெளியாட்களை உள்ளே விட மாட்டார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை ஊசி மருந்து கூடாது என்பார்கள்.

அந்த வாசலில் நின்றுகொண்டு "இது மூடநம்பிக்கை" என்று சொன்னால், கதவு சாத்தப்படும். உள்ளே இருக்கும் குழந்தையை நாம் இழந்துவிடுவோம். அந்த வழக்கங்களில் பாதிக்கு மேல் நமக்கு உதவுபவைதான். வெளியாட்களை விடாதது தனிமைப்படுத்தல். மோர், இளநீர், கூழ் கொடுப்பது நீர்ச்சத்து. வேப்பிலை கட்டிய வீடு அக்கம்பக்கத்துக்கு ஓர் எச்சரிக்கைப் பலகை. இவற்றைப் பாராட்டிவிட்டுப் பேசத் தொடங்குங்கள். நாம் மாற்றச் சொல்ல வேண்டியவை இரண்டே இரண்டுதான். ஒன்று, குழந்தையைப் பட்டினி போடக் கூடாது. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. இரண்டு, மூச்சு வாங்கினால், நினைவு தப்பினால், எதையும் குடிக்க முடியாவிட்டால், தண்ணீர் ஊற்றும் நாளுக்குக் காத்திருக்கக் கூடாது.

"பாட்டி, ஆத்தாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யுங்க. பிள்ளைக்கு மூச்சு வாங்குது, அதை டாக்டர் பார்க்கட்டும். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு விரோதம் இல்ல." இப்படி ஒரு மருத்துவர் சொன்னால் கேட்காத பாட்டி, பேரனின் டீச்சர் சொன்னால் கேட்பார். அந்த மரியாதை உங்களுக்கு உண்டு. அதை ஓர் உயிருக்காகச் செலவழியுங்கள்.

இன்னொன்றையும் அந்த வீட்டில் கேளுங்கள்: "தம்பி, தங்கச்சி இருக்காங்களா? என்ன வயசு?" ஒன்பது மாதம் நிறையாத குழந்தைக்கு வழக்கமான ஊசி இன்னும் போட்டிருக்க மாட்டார்கள். கடுமையான சிக்கல்கள் அதிகம் வருவது ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்குத்தான். உங்கள் மாணவன் தேறிவிடுவான். அவனிடமிருந்து தொற்றிய கைக்குழந்தைதான் எங்கள் வார்டுக்கு வரும். தொடர்பு ஏற்பட்ட 72 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டால் சிலருக்கு நோயையே தவிர்க்கலாம். அதனால்தான் செய்தியை அன்றைக்கே கிராம சுகாதார செவிலியருக்குச் சொல்லுங்கள் என்கிறோம்.

வகுப்புக்குத் திரும்பிய பிறகு

தடிப்பு தோன்றியதிலிருந்து குறைந்தது நான்கு நாட்கள் முடியும் வரை மாணவர் பள்ளிக்கு வரக் கூடாது. உடல் தேறக் கூடுதல் நாட்கள் ஆகலாம். வருகை குறைகிறதே என்று அவசரப்படுத்தி வரவழைக்க வேண்டாம்.

திரும்பி வந்தவர் முன்பிருந்த அதே பிள்ளை அல்ல. தட்டம்மை, உடல் ஏற்கெனவே கற்றுவைத்திருந்த எதிர்ப்புச் சக்தியை அழித்துவிடுகிறது. 2019-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, தட்டம்மைக்கு முன்பிருந்த எதிர்ப்புப் பொருள்களில் 11 முதல் 73 சதவீதம் வரை குழந்தைகள் இழந்திருந்ததைக் காட்டியது. கரும்பலகையில் எழுதியிருந்த பாடத்தைத் துடைத்துவிட்டதுபோல. அதனால் அடுத்த பல மாதங்களுக்கு வேறு காய்ச்சல்களும் சளியும் எளிதாகத் தொற்றும். காலை உணவும் சத்துணவும் முட்டையும் அந்தப் பிள்ளைக்கு ஒழுங்காகப் போகிறதா என்று பாருங்கள். மெலிந்துகொண்டே போனால் பெற்றோரிடம் சொல்லுங்கள்.

கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையை 'கவனக்குறைவு' என்று முடிவுகட்டுவதற்கு முன், காதில் சீழ் வடிந்ததா என்று கேளுங்கள். முன்வரிசையில் உட்கார வையுங்கள். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள்.

உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்குத் தனியாக ஒன்று. தட்டம்மை வந்து பல ஆண்டுகள் கழித்து, பெரும்பாலும் ஏழு முதல் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, மிகச் சிலருக்கு மூளையில் தங்கிவிட்ட வைரஸால் ஒரு கொடிய நோய் வருகிறது. அதைக் குணப்படுத்தும் சிகிச்சை இன்றுவரை இல்லை. இரண்டு வயதுக்குள் தட்டம்மை வந்தவர்களுக்கு இதற்கான வாய்ப்பு அதிகம். முதல் அறிகுறி பெரும்பாலும் வகுப்பறையில்தான் தெரியும். நன்றாகப் படித்த பிள்ளையின் மதிப்பெண் காரணமின்றிச் சரியும். கையெழுத்து குலையும். குணம் மாறும். கையிலுள்ளது நழுவி விழும். உடம்பு திடீர் திடீரென்று தூக்கிப்போடும். இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டிவிடாமல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

தடுப்பூசியும் பயமும்

2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தமிழ்நாடு உள்ளிட்ட ஐந்து இடங்களில் முதலில் தொடங்கியது. ஒன்பது மாதம் முதல் 15 வயதுக்குட்பட்ட எல்லோருக்கும் ஒரு ஊசி. பெரும்பகுதி பள்ளிகளில்தான் நடந்தது. அப்போது வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்திகளையும், பெற்றோர் பள்ளி வாசலில் வந்து நின்றதையும், முகாம் நாட்கள் நீட்டிக்கப்பட்டதையும் உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள்.

பெற்றோரின் பயத்தைக் கேலி செய்யாதீர்கள். அதற்குப் பின்னால் ஒரு நினைவு இருக்கிறது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்ட நான்கு கைக்குழந்தைகள் இறந்தனர். அதன்பின் அரசு, கிராமங்களுக்குப் போய் ஊசி போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் போடும்படி மாற்றியது. தவறு நேர்ந்தால் முறையைத் திருத்த வேண்டும். தடுப்பூசியையே விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பசிபிக் தீவான சமோவா காட்டியது. அங்கே 2018-இல் இரண்டு கைக்குழந்தைகள் ஊசிக்குப் பின் இறந்தனர். ஊசி மருந்தில் தவறான திரவத்தைக் கலந்ததுதான் காரணம். ஆனால் மக்களின் நம்பிக்கை சரிந்தது. ஊசி போடுவோர் எண்ணிக்கையும் சரிந்தது. 2019 இறுதியில் தட்டம்மை வந்தது. சுமார் இரண்டு லட்சம் பேர் வாழும் அந்த நாட்டில் 83 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

இப்போது உங்கள் வகுப்புகளைப் பாருங்கள். 2017 முகாமின்போது ஒன்பது மாதம் நிறையாதவர்களுக்கும், அதற்குப் பின் பிறந்தவர்களுக்கும் அந்த ஊசி கிடைக்கவில்லை. வழக்கமான இரண்டு தவணைகள்தான் அவர்களுக்குக் காப்பு: 9 முதல் 12 மாதத்துக்குள் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று. கொரோனா ஊரடங்குக் காலத்தில் இந்தத் தவணைகளைத் தவறவிட்டவர்கள் இருக்கலாம். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் பெற்றோருடன் இடம் மாறிய பிள்ளைகள், மரக்காணம் உப்பளப் பக்கத்துப் பிள்ளைகள், இருளர் குடியிருப்புப் பிள்ளைகள் ஆகியோரிடம் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். ஒரு பகுதியில் 95 சதவீதம் பேர் இரண்டு தவணையும் போட்டிருந்தால்தான் நோய் பரவ வழியிருக்காது.

பள்ளியில் செய்யக்கூடியவை

ஒன்று: ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது தாய் சேய் நல அட்டையைக் கொண்டுவரச் சொல்லி இரண்டு தவணையும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சேர்க்கையை நிறுத்த வேண்டாம். பட்டியல் எடுத்து கிராம சுகாதார செவிலியரிடம் கொடுங்கள். விடுபட்ட ஊசியை ஐந்து வயது வரை அரசுத் திட்டத்தில் இலவசமாகப் போடலாம். அதைத் தாண்டியவர்களுக்கு மருத்துவர் வழிகாட்டுவார்.

இரண்டு: "காய்ச்சல், தடிப்பு" என்ற காரணத்தோடு ஒருவர் விடுப்பு எடுத்தாலும் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரிவியுங்கள். அவர்கள் இரத்த மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். சென்னை கிண்டியில் உள்ள கிங் நிறுவனம் தட்டம்மையை உறுதிசெய்யும் ஆய்வகங்களில் ஒன்று.

மூன்று: வகுப்பில் யாருக்காவது தடிப்பு தெரிந்தால் முகக்கவசம் அணிவித்து, காற்றோட்டமான தனி இடத்தில் உட்கார வைத்துப் பெற்றோரை அழையுங்கள். தட்டம்மை வந்தவரோ இரண்டு தவணை ஊசி போட்டவரோ கூட இருக்கட்டும். கர்ப்பிணி ஆசிரியைகள் விலகியிருந்து, தங்கள் மருத்துவரிடம் ஆலோசனை பெற வேண்டும்.

நான்கு: ஆபத்து அறிகுறிகளை அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள். தடிப்பு வந்து நான்கு நாளுக்குப் பிறகும் காய்ச்சல். வேகமான மூச்சு, விலா உள்வாங்கல். எதையும் குடிக்க முடியாமை, எல்லாவற்றையும் வாந்தி எடுத்தல். அதிகத் தூக்கம், பிதற்றல், வலிப்பு. கண்ணில் வெண்படலம் அல்லது வலி. காதில் சீழ். முதல் நான்கில் எது இருந்தாலும் 108. மற்றவற்றுக்கு அன்றே மருத்துவர்.

ஐந்து: விடுப்பில் இருக்கும் பிள்ளையின் வீட்டுக்கு, தடிப்பு வந்த ஐந்தாம் நாள் ஒரு தொலைபேசி அழைப்பு. "காய்ச்சல் விட்டுடுச்சா? மூச்சு எப்படி இருக்கு? சாப்பிடுறானா? வீட்டுல சின்னக் குழந்தைக்கு எப்படி இருக்கு?" நான்கே கேள்விகள். இரண்டு நிமிடம் ஆகும்.

2023-இல் மட்டும் உலகில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தட்டம்மையால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. பெரும்பாலோர் ஐந்து வயதை எட்டாதவர்கள். முண்டியம்பாக்கத்திலும் திண்டிவனத்திலும் ஆக்சிஜனும் மருந்தும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். அவை பயன்பட வேண்டுமானால் குழந்தை உரிய நேரத்தில் வந்து சேர வேண்டும். அந்த நேரத்தை வீட்டாருக்கு நினைவூட்டக்கூடியவர் நீங்கள். ஐந்தாம் நாள் அந்த அழைப்பைச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.